பதினாலு ஜோடிக் காலடி

"ரெண்டு பொண்ணுங்களை அனுப்பினேன், மூணு பேரா திரும்பி வந்திருக்காங்க, இதுக்கு யாரு பொறுப்பு?"

பரிமளா இதை மூன்றாவது தடவையாகக் கேட்டாள். முதல் தடவை என் வாசலில், இரண்டாவது தடவை என் கூடத்தில், இப்போது என் அடுப்படியில், ஒரு எழுத்துகூட மாறாமல். நான் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். குக்கர் இரண்டு விசில் விட்டிருந்தது. மூன்றாவதை எண்ணத் தவறினால் பருப்பு குழைந்துபோகும், அதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

"ஸ்கூல்ல போய்க் கேளு" என்றேன்.

"நீதானே பழைய மாணவிகள் சங்கத்துச் செக்ரட்டரி. நீதானே பிள்ளைங்களை அனுப்பச் சொல்லி சிஸ்டர்கிட்ட பேசினே."

"செக்ரட்டரி டீயும் வடையும் ஏற்பாடு பண்ணுவா. யாரு கூட யாரு வீட்டுக்குப் போறாங்கன்னு பாக்கிறது அவ வேலை இல்ல."

"ஆம்பளை, தமயந்தி." அவள் குரலைத் தாழ்த்தினாள். "பூட்ஸ் போட்ட ஆம்பளை."

மூன்றாவது விசில் வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அவளோடு போனேன்.

அடுத்த வீடுதான். காலையில் பெய்த மழையில் தெரு மண் குழைந்து கிடந்தது. பரிமளாவின் இரட்டைப் பெண்கள் இருவரும் யூனிஃபார்மோடு கேட்டுக்கு வெளியே நின்றார்கள், மூத்தவள் பவித்ரா, ஏழு நிமிஷம் இளையவள் சுசித்ரா. பஸ் ஸ்டாண்டிலிருந்து அவர்கள் நடந்துவந்த வழி நெடுக, சுசித்ராவின் செருப்புத் தடம் ஒரு வரிசை, பவித்ராவின் செருப்புத் தடம் ஒரு வரிசை, பவித்ராவுக்கு இடது பக்கம், ஒரு முழம் தள்ளி, ஆணி அடித்த பெரிய பூட்ஸ் தடம் ஒரு வரிசை, இடது கால் கொஞ்சம் ஆழமாக, வலது கால் கொஞ்சம் இழுத்து, அவள் நின்ற இடத்தில் நின்று, அவள் தேங்கிய தண்ணீரைத் தாண்டிய இடத்தில் தாண்டி, கடைசியில் கேட்டுக்கு வெளியே இரண்டு குதிகாலும் ஒட்டி, வீட்டைப் பார்த்தபடி நின்றிருந்தது. தடத்துக்கு மேலே காற்றுதான் இருந்தது. ஒரு கோழி அதன் வழியாக நடந்துபோனது.

"யாருடி இது?" என்று பவித்ராவைக் கேட்டேன்.

"சிப்பாய் முனிரத்தினம், ஆன்ட்டி" என்றாள் அவள், கிளாஸில் பதில் சொல்கிற மாதிரி.

என்ன நடந்தது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான், இதற்கு மேல் எனக்குத் தெரியாது, தெரிந்ததாகச் சொல்கிறவர்களை நான் நம்புவதும் இல்லை. எங்கள் கல்லேரிப்பட்டில் மூன்று வீட்டுக்கு ஒரு வீடு பட்டாளத்து வீடு. கட்டிலுக்கு அடியில் பச்சைப் பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டி இல்லாத வீட்டில் பெண் கொடுக்க யோசிப்பார்கள். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய மைதானத்தில் முன்னாள் படைவீரர் சங்கம் ஒரு கல் நட்டிருக்கிறது. போனவர்களில் திரும்பாத பதினாலு பேருடைய பெயர் அதில் வெட்டியிருக்கிறது. முதல் பெயர் முதல் மகாயுத்தத்தில் பஸ்ரா வரைக்கும் கப்பலில் போனவருடையது, கடைசிப் பெயர் பனிமலையில் விழுந்தவருடையது. வருஷா வருஷம் நவம்பரில் பெரியவர்கள் மெடல் குத்திக்கொண்டு வந்து, மாலை போட்டு, இரண்டு நிமிஷம் பேசாமல் நின்று, பிறகு மத்தியானம் வரைக்கும் பேசிக்கொண்டிருப்பார்கள். இந்த வருஷம் பிள்ளைகளையும் கூப்பிடலாம் என்று நான்தான் சொன்னேன். என் தப்பு.

எங்கள் கான்வென்டிலிருந்து பதினைந்து பெண்கள். பெயருக்கு ஒருத்தி, கையில் ஒரு ரோஜா, யாருக்காவது காய்ச்சல் வந்தால் மாற்று ஆளாக ஒருத்தி. பிள்ளைகள் தங்களுக்கு வந்த பெயரை மறக்கக் கூடாதே என்று பி.டி. சொல்லித்தரும் ஸ்டெல்லா மிஸ் ஒரு காரியம் செய்தாள்: மூன்று நாள் ஒத்திகையிலும் பெண்களின் பெயருக்குப் பதிலாகப் பட்டாளத்துக்காரர்களின் பெயரை வைத்தே அட்டெண்டன்ஸ் எடுத்தாள். சிப்பாய் முனிரத்தினம்? ப்ரெசன்ட் மிஸ். நாயக் துளசிங்கம்? ப்ரெசன்ட் மிஸ். நான் படித்த காலத்திலிருந்து அந்தப் பள்ளியில் ஒரு பெயரைக் கூப்பிட்டால் அதை அந்தரத்தில் தொங்க விடக் கூடாது, பதில் வராவிட்டால் மொட்டைவெயிலில் முட்டி போட வைப்பார்கள். ஆகவே அன்றைக்குக் காலையில் சுபேதார் தயாளன் கல்லுக்கு முன்னால் விறைத்து நின்று, முதல் பெயரைப் படித்துவிட்டு, செத்தவருக்காக ஒரு மூச்சு நேரம் நிறுத்தியபோது, முதல் வரிசை முதல் பெண் பயந்துபோய், "ப்ரெசன்ட் மிஸ்" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. சுபேதார் கண்ணைக்கூட அசைக்காமல் அடுத்த பெயரைப் படித்தார். அதற்கும் பதில் வந்தது. பதினாலு பெயர், பதினாலு ப்ரெசன்ட் மிஸ். அதற்குப் பிறகு கவுன்சிலர் மைக்கைப் பிடித்தார், நான் பருப்பு வைக்க வீட்டுக்கு வந்துவிட்டேன். மழை பிடித்ததும் விட்டதும், மண் குழைந்ததும், பெண்கள் ஒவ்வொருத்தியும் ஒரு ஆளோடு வீடு திரும்பியதும் நான் இல்லாதபோது நடந்தவை.

ஏன் என்று கேட்டவர்கள் ஊரில் இரண்டே பேர். ஒருவர் தபால் ஆபீஸ் மாஸ்டர், வெளியூர்க்காரர். இன்னொருவர் என் வீட்டுக்காரர், அவர் எதையும் கேட்பார், பதிலுக்கு நிற்க மாட்டார். மற்ற எல்லோரும் கேட்டது எங்கே உட்கார வைப்பது, என்ன போடுவது, எத்தனை நாள் என்பதுதான். ஸ்கூல் ஆட்டோக்காரன் நசீர் ஆறு பெண்களை ஏற்றினால் பன்னிரண்டு ஆள் பாரத்தில் பின்பக்கம் தாழ்வதைப் பார்த்துவிட்டு, மறுநாளிலிருந்து மூன்று பேர் மூன்று பேராக இரண்டு நடை அடித்தான். சன்னதித் தெரு டீக்கடையில் பெண்கள் கடக்கும் நேரத்துக்குப் பதினாலு கிளாஸ் டீ ஆற்றி வரிசையாக வைத்தார்கள். குடித்த மாதிரி குறையவில்லை, ஆனால் ஆறிப்போகிற நேரத்துக்கு வெகு முன்பே ஆறிப்போயிருந்தது, கடைக்காரர் அதுவே போதும் என்றார். சொந்தக்காரர்கள் வந்தார்கள். பேரன், பேத்தி, கொள்ளுப்பேத்தியின் மாப்பிள்ளை என்று பிள்ளைகளின் வீட்டு வாசலில் வந்து நின்று, மண்ணைப் பார்த்துக் கும்பிட்டு, கொண்டுவந்த கறிக்குழம்பை வைத்துவிட்டு, எங்க ஆளைப் பத்திரமா பாத்துக்கோம்மா என்று பதின்மூன்று வயசுப் பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். நாயக் துளசிங்கத்தின் மச்சான் மகன் ஒரு பாட்டில் ரம் கொண்டுவந்து, அவர் போய்ச் சேர்ந்திருந்த நர்ஸ் எலிசபெத் வீட்டு வாசல்படியில் வைத்தான், அவள் அதை எடுத்து மருந்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள், இரண்டு நாள் துளசிங்கத்தின் தடம் அந்த அலமாரிக்கு முன்னாலேயே நின்றது.

பஸ்ராவுக்குப் போனவருக்குப் பூட்ஸ் இல்லை, வெறுங்கால், பாதம் அகலமாக, விரல்கள் விரிந்து. பனிமலைக்காரரின் தடத்தில் மட்டும் காலை வெயிலிலும் மெல்லிய ஈரம் வெள்ளையாகப் படிந்திருக்கும், தொட்டால் விரல் மரத்துப்போகும்.

கான்வென்டில்தான் பெரிய சிக்கல். வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி தவிர எந்த ஆணும் கேட்டைத் தாண்டக் கூடாது என்பது அறுபது வருஷத்துச் சட்டம், அந்தச் சட்டத்துக்காக மாவட்டக் கல்வி அதிகாரியையே வாட்ச்மேன் அறையில் உட்கார வைத்தவர் சிஸ்டர் பெனடிக்டா. திங்கட்கிழமை காலை கேட்டில் நின்று, முதலில் பெண்களைப் பார்த்தார், பிறகு மண்ணைப் பார்த்தார், பிறகு அங்கிப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி மண்ணைப் பார்த்தார். ஆபீசுக்குள் போய் அரை மணி நேரம் கழித்துப் பதினாலு விசிட்டர் பாஸோடு வந்தார், ஒவ்வொன்றிலும் பெயர், ரெஜிமெண்ட், பார்க்கவந்த மாணவி, எல்லாம் பூர்த்தி செய்து. திரும்பும் நேரம் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார். அதே சிஸ்டர்தான் நான் சாக்ஸ் தாழ்த்திப் போட்டதற்காக என்னை ஸ்கேலால் அடித்தவர்.

எல்லா வீட்டிலும் தடங்கள் உள்ளே போயின. பரிமளா வீட்டில் மட்டும் போகவில்லை. அதற்குக் காரணம் ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஆகவே யாரும் சொல்லவில்லை, ஆகவே நான் சொல்கிறேன். முனிரத்தினம் காலனிக்காரர். நாங்கள் இருப்பது மேலத்தெரு. அறுபத்திரண்டு சீனச் சண்டையில் மண்ணுக்குள் புதைந்து, எலும்புகூட ஊருக்கு வராத மனுஷன், செத்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் எந்த கேட்டில் நிற்க வேண்டும் என்பதை மறக்கவில்லை. பரிமளாவின் மாமியார் முதல் நாளே வாசலைக் கழுவி விடுகிறேன் என்று வாளியோடு வந்தவர், கேட்டுக்கு வெளியிலேயே குதிகால் ஒட்டி நிற்கும் தடத்தைப் பார்த்தார். கழுவ ஒன்றும் இருக்கவில்லை. வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார், நானும் மதில் மேலாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பவித்ரா சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தாள். அன்றைக்கும், மறுநாளும், அதற்கு மறுநாளும். பாடம் அங்கேயே படித்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் தூறல் போட்டது, அவள் எழுந்திருக்கவில்லை. உள்ளேயிருந்து மாமியார் கேட்டார்: "ஏண்டி, நனையறியே."

"அவரும் நனையறாரு பாட்டி."

கொஞ்ச நேரம் கழித்து, கதவுக்குப் பின்னாலிருந்து, யாரையும் பார்க்காமல் அந்த அம்மாள் சொன்னார்: "வரச்சொல்லு. ரெண்டு பேரும் வாங்க." அடுத்த நாள் காலையில் அந்த வீட்டின் சிவப்பு சிமெண்ட் தரையில், கூடம் தாண்டி, ஊஞ்சல் தாண்டி, ஆணி பூட்ஸ் தடம் இருந்தது. பூஜை அறைப் பக்கம் போகவில்லை. அதுவும் அவராகவே.

இப்படியாக பத்து நாளில் ஊருக்குப் பழகிவிட்டது, கரண்ட் கட் பழகின மாதிரி, மினரல் வாட்டர் பழகின மாதிரி. பழகாதவர்கள் இரண்டு பேர். ஒருத்தி சுசித்ரா, மாற்று ஆளாகப் போன பதினைந்தாவது பெண், ரோஜாவும் இல்லை, பெயரும் இல்லை, ஆளும் இல்லை. "அவளுக்கு மட்டும் ஒருத்தர் வந்திருக்காரு, எனக்கு ஏன் வரல?" என்று அவள் அழுத அழுகையில் பரிமளா இன்னொரு பாவாடைத் துணி வாங்கித் தந்தாள், அவள் அதைத் தொடவில்லை.

இன்னொருத்தி என் அம்மா.

என் அப்பா ஏகாம்பரம், பட்டாளத்தில் நாயக். எழுபத்தொன்று டிசம்பரில், எனக்கு ஒன்பது மாதம் ஆகியிருந்தபோது, கிழக்கே ஒரு ஆற்றைத் தாண்டும்போது காணாமல் போனார். செத்தார் என்று தந்தி வரவில்லை. காணவில்லை என்று வந்தது. என் அம்மா நாகரத்தினம் அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நாற்பத்துநாலு வருஷம் குடும்பம் நடத்தினாள். கான்வென்டில் தையல் டீச்சராக இருந்து என்னைப் படிக்க வைத்தாள். நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஒரு முழம் மல்லி. சங்கத்துக்காரர்கள் கல் நடும்போது பதினைந்தாவதாக அப்பாவின் பெயரைச் சேர்க்கக் கையெழுத்துக் கேட்டு வந்தார்கள். "கல்லுல பேர் வெட்டுறதுக்கு அவர் இன்னா செத்தா போய்ட்டார்?" என்று கேட்டு, காபி கொடுத்து அனுப்பிவிட்டாள்.

அவளுக்கு அது தைரியம். எனக்கு அது கல்யாண வீடுகள். ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் குங்குமச் சிமிழும் சந்தனக் கிண்ணமும் வைத்த தட்டை ஏந்திக்கொண்டு ஒரு சின்னப் பெண் வரிசையாக வருவாள், என் அம்மாவுக்கு முன்னால் வந்ததும் நிற்பாள், கொடுக்கலாமா என்று திரும்பித் தன் தாயைப் பார்ப்பாள், அந்தத் தாய் இன்னொருத்தியைப் பார்ப்பாள், அந்தத் தட்டு அப்படியே அந்தரத்தில் நிற்கும், என் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள், நான் தரையைப் பார்ப்பேன். ஐந்து வயசிலும் பார்த்தேன், பதினைந்திலும் பார்த்தேன், என் சொந்தக் கல்யாணத்திலும் பார்த்தேன். செத்தார் என்றாலும் சரி, இருக்கிறார் என்றாலும் சரி, யாராவது ஒருவர் ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலைத்தால் போதும் என்று நான் கேட்காத சாமி இல்லை.

அம்மா தினமும் சாயங்காலம் பரிமளா வீட்டு கேட்டுக்குப் போய் முனிரத்தினத்தின் தடத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். குனிந்து, சாண் போட்டு அளந்தாள். "இவரு பெரிய காலு. உங்கப்பாவுக்கு எட்டாம் நம்பர்" என்றாள். பதினொன்றாம் நாள் காலை, நான் தோசைக்கல்லைக் காய வைத்திருந்தபோது வந்து நின்றாள்.

"தயாளண்ணனைப் பாக்கணும். கூட வா."

"எதுக்கு?"

"வரியா, நான் போகட்டுமா?"

சுபேதார் தயாளனுக்கு எழுபத்தோரு வயசு, முதுகில் மட்டும் இருபத்தைந்து. பட்டாளத்தில் என் அப்பாவுக்குப் பக்கத்துப் படுக்கைக்காரர். அந்த ஆற்றைத் தாண்டிய பிறகு, மறுகரையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டவர் அவர்தான்; அப்பாவின் பெயருக்குப் பதில் வராததும், நோட்டில் காணவில்லை என்று எழுதியதும் அவர்தான். அதற்குப் பிறகு அந்தப் பெயரை அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. என்னைக்கூட உங்கப்பா, உங்கப்பா என்றுதான் சொல்வார்.

அம்மா உட்காரவில்லை. "அவர் பேரைக் கூப்பிடணும்ணா. கல்லு முன்னாடி. பிள்ளைங்களை வெச்சு."

அவர் செய்தித்தாளை மடித்தார், இன்னொரு முறை மடித்தார்.

"வேணாம் தங்கச்சி."

"ஏன்?"

"கூப்பிட்டா வந்துடுவான்." அவர் அம்மாவின் நெற்றியைப் பார்த்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். "வந்துட்டான்னா நான்தானே உனக்குச் சொன்னவன் ஆவேன்."

"வரலைன்னா?"

அவர் மடித்த செய்தித்தாளை மறுபடி விரித்தார். வரவில்லை என்றால் செத்தவர்களோடு அப்பா இல்லை. செத்தவர்களோடு இல்லை என்றால் எங்கேயோ, எந்த ஜெயிலிலோ, எந்த ஊரிலோ, எழுபது வயசுக் கிழவராக, பெயர் மறந்தோ மறக்காமலோ உட்கார்ந்திருக்கிறார், ஆற்றங்கரையில் இவர் விட்டுவிட்டு வந்த ஆள். நான் அங்கே நின்றுகொண்டு இந்த இரண்டு கிழங்களும் ஒரு பெயருக்குப் பயந்து நிற்பதைப் பார்த்தேன், எனக்குப் பொறுமை போய்விட்டது.

"நாற்பத்துநாலு வருஷமா ரெண்டு பேரும் ஒரு பேரை மாத்தி மாத்தி முழுங்குறீங்க. ஏதாவது ஒண்ணு தெரியட்டும் மாமா. எனக்கும் வயசாகுது."

"உன் பொண்ணுக்கு நாக்கு அப்படியே அவன் நாக்கு" என்றார் அம்மாவிடம். பிறகு, "திங்கட்கிழமை" என்றார். "காலைல. ஏழரைக்கு."

பதினைந்தாவது பெயர் சுசித்ராவுக்குப் போயிற்று. வேறு யாருக்குப் போகும்? அந்த வார இறுதியில் அவள் நாயக் ஏகாம்பரம், ப்ரெசன்ட் மிஸ் என்று குளியலறையில் சொன்னாள், மாடியில் சொன்னாள், ஆட்டோவில் சொன்னாள், பரிமளா காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள். ஒரு ஆளே தாங்கவில்லை, இரண்டாவது ஆளும் என் வீட்டிலா என்று அவள் என்னிடம் வந்தபோது என் அம்மா உள்ளேயிருந்து சொன்னாள்: "அவர் வந்தா உன் பொண்ணு இங்கதான் இருப்பா. படிக்க வெச்சு, கட்டிக்கொடுக்கிறது எல்லாம் எங்க பொறுப்பு." பரிமளா காபி குடித்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை அம்மா தலைக்குக் குளித்தாள். எப்போதும் வைக்கிற அளவில் குங்குமம் வைத்துக்கொண்டாள், ஒரு ஊசிமுனை கூடவும் இல்லை, குறைவும் இல்லை. பூ வாங்கினாள், தலையில் வைக்கவில்லை; இலையோடு கையிலேயே வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் தாலிக்கொடியை ரவிக்கைக்குள் தள்ளுவாள், வெளியே எடுப்பாள், மறுபடி தள்ளுவாள்.

மைதானத்தில் ஊர் முழுக்க நின்றது. சொல்லி அனுப்பினால்கூட இப்படி வர மாட்டார்கள். பெரியவர்கள் அதிகாலையிலேயே வந்து கல்லைச் சுற்றி ஆற்றுமணல் கொட்டி, விளக்குமாற்றால் இழுத்து வழித்து வைத்திருந்தார்கள், ஒரு காக்கைக் காலடிகூட இல்லாமல். பதினாலு பெண்கள் வரிசையாக வந்து நின்றார்கள். அவர்களுக்கு இடது பக்கம் மணல் அமிழ்ந்து அமிழ்ந்து பதினாலு ஜோடித் தடங்கள் வந்து நின்றன. பதினைந்தாவதாக, கடைசியில், சுசித்ரா. அவளுக்கு இடது பக்கம் வழித்த மணல்.

சிஸ்டர் பெனடிக்டா ஒரு பாஸை எழுதிக் கையில் வைத்திருந்தார். என் வீட்டுக்காரர் ஆபீசுக்கு லீவ் போட்டிருந்தார், இருபது வருஷத்தில் எனக்காக அவர் லீவ் போட்டது அதுதான் முதல்.

"சாவ்தான்" என்று அட்டென்ஷனுக்குக் குரல் கொடுத்தார் சுபேதார் தயாளன்.

குதிகால்கள் சேர்ந்தன. பதினாலு ஜோடிக்கும் முன்னால் மணல் லேசாகச் சிதறியது. சத்தம் இல்லை. சத்தம் வராதது நெஞ்சில் விழுந்தது.

அவர் காகிதம் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. தொண்டையைச் செருமினார். நாற்பத்துநாலு வருஷமாக உள்ளே கிடந்த ஒன்றை வெளியே எடுப்பது சுலபமில்லை. அவர் தாடை இரண்டு முறை அசைந்தது, மூன்றாவது முறைதான் குரல் வந்தது, ஆனால் வந்தபோது அது எழுபத்தோரு வயசுக் குரல் இல்லை, பனிமூட்டத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளுக்குக் கேட்க வேண்டும் என்று கூப்பிடுகிற இருபத்தேழு வயசுக் குரல்.

"நாயக் ஏகாம்பரம், கல்லேரிப்பட்டு."

"ப்ரெசன்ட் மிஸ்" என்றாள் சுசித்ரா. அவ்வளவு தெளிவாக, அவ்வளவு ஆசையாக.

எல்லோரும் மணலைப் பார்த்தோம். எத்தனை பேர் இருந்தோமோ தெரியாது, அத்தனை பேரும் ஒரு பாய் அகல மணலைப் பார்த்தோம். பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ் எஞ்சினை அணைத்தது. டிரைவர் இறங்கி வந்து கூட்டத்தோடு நின்றார். என் கையை யாரோ பிடித்திருந்தார்கள், பார்த்தால் பரிமளா. வா என்று மனசுக்குள் சொன்னேனா, வராதே என்று சொன்னேனா என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குத் தெரியாது, இரண்டையும் சொல்லியிருப்பேன்.

மணல் அசைந்தது. சுசித்ராவுக்குப் பக்கத்தில் இல்லை, வரிசையில். முனிரத்தினத்தின் இழுக்கும் கால் முதலில் திரும்பியது, பிறகு துளசிங்கம், பிறகு பஸ்ராக்காரரின் வெறுங்கால், பிறகு பனிமலைக்காரர், ஒருவர் பின் ஒருவராகப் பதினாலு ஜோடியும் அந்தக் காலி இடத்தைப் பார்த்துத் திரும்பின. பிறகு, யாரும் கட்டளை கொடுக்காமல், வலது பக்கமாக ஒரு அடி நகர்ந்தன, ஒவ்வொன்றும் ஒரே அளவு, ஒரு ஆள் தோள் இடிக்காமல் வந்து நிற்கிற அளவு. பெண்களும் கூடவே நகர்ந்தார்கள். இடம் விட்டு நின்றார்கள். நாங்களும் ஆளுக்கு ஒரு அடி பின்னால் போனோம், எங்களை அறியாமல், வருகிறவருக்கு வழி வேண்டுமே என்று.

யாரும் வரவில்லை.

வழித்த மணல் வழித்தபடியே இருந்தது. விளக்குமாற்றுக் கோடுகள்கூட அழியவில்லை. ஒரு எறும்பு அதன் குறுக்கே முழு தூரமும் நடந்துபோய் அந்தப் பக்கம் சேர்ந்தது. சுசித்ரா தலையைத் திருப்பித் தன் இடது பக்கத்தைப் பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள், ஆனாலும் நேராகவே நின்றாள். கூட்டத்தில் முதலில் புரிந்துகொண்டது எலிசபெத். "அப்படின்னா அவரு…" என்று ஆரம்பித்து நிறுத்தினாள். பிறகு அது வாய் விட்டு வாய் போயிற்று, இருக்காரு, இருக்காரு என்று, கோயிலில் பிரசாதம் கைமாறுகிற மாதிரி. கல்யாண வீட்டில் தட்டை நிறுத்திய பெண்களெல்லாம் அங்கே இருந்தார்கள், இப்போது அவர்கள் தரையைப் பார்த்தார்கள். சுபேதார் கை சல்யூட்டுக்குப் போன இடத்திலேயே நின்றது, அவர் கண்ணிலிருந்து மீசைக்கு வழிந்ததை அவர் துடைக்கவில்லை.

ஜெயித்தவள் என் அம்மா. நாற்பத்துநாலு வருஷம் அவள் சொன்னதுதான் சரி. நான் அவள் முகத்தைப் பார்த்தேன், நிமிர்வாள் என்று, ஊரைத் திரும்பிப் பார்ப்பாள் என்று, அவள் பார்க்கப் போகிற அந்தப் பார்வைக்கு நானும் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டேன்.

அவள் யாரையும் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மணல் ஓரம் வரைக்கும் போனாள். தடங்கள் விட்டு வைத்த இடத்துக்கு முன்னால் நின்றாள். அந்த இடத்தை மேலும் கீழும் பார்த்தாள், அங்கே ஒரு ஆளின் உயரம் எவ்வளவு இருக்கும் என்று நினைவுபடுத்திக்கொள்கிற மாதிரி. அவள் கையில் இலை மடிப்பு நசுங்கி, பூ வெளியே வந்துகொண்டிருந்தது.

"இன்னொரு வாட்டி கூப்பிடுங்கண்ணா" என்றாள்.